கலத்தலும் கரைதலும்

இருவேறு மரபுகள் ஓரிடத்தில் கூடும்போது இரண்டும் வளர்கின்றனவா, அன்றி ஒன்று மற்றொன்றில் கரைந்து மறைகின்றதா? பல இன மக்கள் அடுத்தடுத்து வாழும் நாடுகளில் மொழி, உணவு, உடை ஆகிய அனைத்திலும் எழும் வினா இது. இவ்வினாவைச் சிறிய அளவில், ஆனால் தெளிவாகக் காட்டும் இடம் ஒன்று உண்டு. அதுவே கலப்பிசை நிகழும் வீட்டரங்கு.

ஓர் இல்லத்தின் கூடத்தில் இருபது முப்பது பேர் அமர்ந்திருப்பர். ஒலிபெருக்கி இராது. செல்லோவும் பியானோவும் ஒருபுறம். புல்லாங்குழலும் மிருதங்கமும் மறுபுறம். அறையிசை என மேலைநாட்டார் போற்றும் இசை இத்தகைய கூடங்களில் வளர்ந்ததே ஆகும். 1820களில் வியன்னா நகரில் ஷூபர்ட்டின் பாடல்கள் பெரிதும் நண்பர்களின் இல்லங்களிலேயே ஒலித்தன. பெருமண்டபத்தில் ஒலியின் பெருக்கம் குறைகளை மறைத்துவிடும். சிறு கூடத்திலோ, ஒருவர் மற்றவரைக் கேளாமல் வாசித்தால் அக்கணமே அது வெளிப்பட்டுவிடும்.

கலப்பிசையைக் குறித்துத் தூய்மை நாடுவோர் எழுப்பும் தடையை எளிதாகத் தள்ளிவிட இயலாது. இராகம் தனித்தனிச் சுரங்களில் மட்டும் வாழ்வதன்று. சுரங்களின் அசைவில், கமகத்தில் வாழ்வது. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்திவிட்டால் தோடியின் உயிர் போய்விடும். பியானோவின் கட்டைகளோ நிலைத்த ஒலி உடையவை, அவை வளையமாட்டா. எனவே, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது குழலே தன் அசைவைக் குறைத்துக்கொள்ள நேர்கிறது. எப்பொழுதும் விட்டுக்கொடுப்பவர் ஒருவரே எனின், அதனைக் கலப்பு என்பது தகுமா? வளையும் ஆற்றல் உடையவர்மீதே வளையும் கடமை முழுவதையும் சுமத்துவது நீதியாகுமா? ஆகாது. இத்தகைய கூட்டத்தில் நிகழ்வது கலத்தல் அன்று; கரைதலே.

ஆயினும், கலப்பெல்லாம் இவ்வாறே முடியும் என்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதனைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார். நின்றுகொண்டு வாசிக்கப்பட்ட கருவி தரையில் அமர்ந்தது. அதன் தலைப்பகுதி வாசிப்பவரின் காலில் ஊன்றியது. தந்திகள் சட்சமும் பஞ்சமமுமாக மாற்றிச் சுருதி கூட்டப்பெற்றன. வந்த விருந்தினன் தன் உருவை விடவில்லை. இருக்கையையும் நடையையும் மாற்றிக்கொண்டான். வரவேற்ற வீடு தன் இராகத்தை விடவில்லை. புதிய துணையொன்றைப் பெற்றது.

அயற்கருவியின் வரவால் நம் கருவிகள் அழியும் என்று அஞ்சுவோர் யாழை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வயலின் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே யாழ் வழக்கொழிந்து போயிற்று. பின்னர் விபுலாநந்த அடிகள் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் 'யாழ்நூல்' வாயிலாக அதன் இலக்கணத்தை விளக்க வேண்டியதாயிற்று. அடைத்த கதவு ஒரு கலையைக் காப்பதில்லை. கைவிடாத பயிற்சியே காக்கின்றது.

வளையாத கருவியும் வளையக் கற்கலாம் என்பதற்கு 1970களில் தோன்றிய 'சக்தி' குழு சான்றாகும். எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு ஆங்கிலேயராகிய ஜான் மெக்லாலினின் கிட்டார் அதில் இணைந்தது. அவர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். தம் கிட்டாரின் மெட்டுகளுக்கிடையே உள்ள பலகையைக் குழிவாக அமைக்கச் செய்து, தந்தியை வளைத்துக் கமகத்தை எழுப்பினார். மற்றவர் தம்மிடம் வரட்டும் என அவர் காத்திருக்கவில்லை. தாமே பாதி வழி நடந்து வந்தார்.

கலப்பின் அறம் இதுவே எனலாம். கூடுவோர் இருவரும் தம் விருப்பத்தோடு ஒன்றை விடுதல் வேண்டும். விடக்கூடாதது எது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். தன் மரபை ஆழக் கல்லாதவனுக்கு இவ்வறிவு வாய்க்காது. ஒன்றும் இல்லாதவன் எதனை விட்டுக்கொடுப்பான்?

கேட்போருக்கும் இதில் பங்குண்டு. தமக்குப் பழகிய இராகம் வருங்கால் தலையசைத்து, பழகாத இசை ஒலிக்குங்கால் அருகிருப்போரோடு உரையாடுவோர் பாதி விருந்தையே உண்டவராவர். அந்தச் சிறு கூடத்தில் அவர்தம் பேச்சு இசையையே கெடுத்துவிடும்.

தமிழ் கற்கும் மாணவர்க்கும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இவ்வுண்மை இசையோடு நின்றுவிடுவதன்று. பிற மொழியாரோடு கூடி வாழும் நாட்டில், தம் மொழியில் ஆழ வேரூன்றியவரே அச்சமின்றிக் கைநீட்ட வல்லவர். வேருடையது கலக்கும், வேரற்றது கரையும்.