காக்கை வன்னியன் ஏன் தேவைப்படுகிறான்?

ஒரு கதையின் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகச் சுவைஞர்கள் சண்டையிடுவது புதுமையன்று. எனினும் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் மூண்ட ஒரு சண்டை நமது சிந்தனைக்குரியது. அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2011 முதல் ஒளிபரப்பிவந்த ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ என்னும் மாயக்கதைத் தொலைக்காட்சித் தொடர் அம்மாதம் 19ஆம் திகதி முடிவெய்தியது. இறுதிப் பருவம் முழுவதையும் தகுதியுள்ள எழுத்தாளரைக் கொண்டு மீண்டும் ஆக்கல் வேண்டும் எனக் கோரிய விண்ணப்பத்திற் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டனர். விலைவாசியைக் குறைக்கக் கோரும் மனுவுக்கு இத்துணைக் கையொப்பம் சேர்ப்பது எளிதன்று!

சண்டையின் மையம் டெனேரிஸ் என்னும் ஒரு பாத்திரம். நாடிழந்த அரசகுமாரி அவள்; அடிமைகளை விடுவித்தவள்; சங்கிலிகளை உடைப்பவள் என்ற பட்டம் பெற்றவள். கதை முடிவதற்கு ஒரு பகுதி முன்னர், தான் மீட்க வந்த தலைநகரை அவள் முற்றுகையிடுகிறாள். நகரம் பணிகிறது. சரணாகதியை அறிவிக்கும் மணிகள் ஒலிக்கின்றன. மணிகள் ஒலித்த பின்னரே அவள் தன் டிராகன் மீதமர்ந்து, வீதி வீதியாக, பெண்களும் பிள்ளைகளும் ஓட ஓட, நகரை எரிக்கிறாள்.

அன்று தொட்டு இரசிகர் இரு கட்சியாயினர். அவள் தந்தை பித்தம் பிடித்த அரசன். அந்த இரத்தம் அவளிலும் ஓடியது. அறிகுறிகள் தொடக்கத்திலேயே இருந்தன என்றது ஒரு கட்சி. அடிமைகளுக்குத் தாயாயிருந்தவளை இரண்டொரு பகுதிகளுக்குள் அரக்கியாக்கியது கதாசிரியரின் அவசரம் என்றது மறுகட்சி. ஜோர்ஜ் மார்ட்டினின் மூலநாவல் வரிசை இன்னும் நிறைவுறாமையால் தீர்ப்புச் சொல்ல நூலும் இல்லை. கலையின் அளவுகோலால் நோக்குமிடத்து இரண்டாவது கட்சியின் குறையில் நியாயமுண்டு. ஆனால் இரு கட்சிகளும் ஒரே இடத்தில் நின்றே வாதிட்டன என்பதே நமது கவனத்தை ஈர்ப்பது. எரித்தவளின் உள்ளத்தில் நிகழ்ந்தது என்ன? இதுவே இரு சாராரதும் வினா. எரிந்தவர்கள் வெறும் பின்னணித் திரையாயினர்.

இன்னொன்றும் உண்டு. இதே டெனேரிஸ் முன்னொரு பருவத்தில் 163 அடிமை எசமானர்களைச் சிலுவையில் அறைவித்தாள். அவர்களுள் எவன் எக்குற்றம் செய்தான் என்று விசாரிக்கவில்லை. அன்று ஆரவாரித்தவர்களே பின்னர் அதிர்ச்சியுற்றனர். அவளுடைய டிராகன் அன்றும் அதே டிராகன்தான். அதை ஏவும் அதிகாரத்துக்கு அன்றும் கடிவாளமில்லை. இதனை இறுதிப் பகுதியில் ஒரு பாத்திரத்தின் வாயிலாக அத்தொடரே சுட்டிக்காட்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், ‘அவளுக்குப் பித்தம்’ என்ற விளக்கம் எத்துணை வசதியானது! அது பார்த்தவரின் பழைய ஆரவாரத்தையும் சேர்த்து மன்னித்துவிடுகிறது.

இது மேல்நாட்டாரின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று ஒதுக்குவார்க்கு நாம் நமது வன்னிக் கதையொன்றை நினைவூட்டுவோம். 1803 ஆகஸ்ட் 25இல் பண்டார வன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கினான். கப்டன் வொன் டிறிபேர்க்கும் அவனது படையும் படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பியோடினர். ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படையனுப்பினர். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் அதே டிறிபேர்க் வன்னியனைத் தோற்கடித்தான். அவ்விடத்தில் ஆங்கிலேயர் நாட்டிய கல் இச்செய்தியை ஒரு வரியில் சொல்லி நின்றுவிட்டது. கல்லில் துரோகியின் பெயர் இல்லை. வன்னியன் அன்றே மாண்டான் என்றும் இல்லை.

மேடை அவ்வாறு நிற்கவில்லை. நாட்டார் கதைகளிலும், முல்லைமணி முதலியோர் எழுதிய நாடகங்களிலும், காக்கை வன்னியன் என்றொருவன் வருகிறான். பண்டார வன்னியனின் தங்கை மீது ஆசை கொள்கிறான்; அவமானப்படுகிறான்; பழிவாங்க வெள்ளையனுடன் சேர்கிறான்; மாவீரனைக் கற்சிலைமடுவுக்கு வஞ்சகமாய் அழைத்துச் செல்கிறான். வன்னியில் இந்நாடகத்தைப் பார்த்து வளர்ந்தோர் பலர். காக்கை மேடையேறும்போது சபையில் எழும் சீற்றம் உண்மையானது. ஏழை விவசாயியும் தன் மண்ணின் மானத்தை அங்கே உணர்கிறான். அந்த உணர்ச்சியை நாம் எள்ளி நகையாடமாட்டோம்.

ஆயினும் ஒரு சங்கதி நம்மை உறுத்துகிறது. மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’ ஒல்லாந்தர் காலத்து நூல். கற்சிலைமடுச் சண்டைக்கு முந்தியது. அந்நூலிலும் சங்கிலி மன்னனைப் பறங்கியர் கையிற் காட்டிக்கொடுப்பவன் காக்கை வன்னியனே! யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது 1619இல். பண்டார வன்னியன் தோற்றது 1803இல். ஒரே மனிதன் இரு காலத்திலும் வாழ்ந்திருக்கவியலாது. ஒரே பெயரில் இருவர் இருந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உளர். நமக்கு வேறு விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது. பறங்கியர் போய், ஒல்லாந்தர் போய், ஆங்கிலேயர் வந்தபோதும் தோல்வி பழைய தோல்வியாகவே இருந்தது. ஆகவே பழைய துரோகியும் அழைக்கப்பட்டான். பீரங்கியும் கப்பலும் மூன்று துறைமுகங்களும் கையிலுள்ள ஒரு வல்லரசு, குடித்தொகை குறைந்த காட்டுநாடொன்றை மூன்று பக்கமும் வளைத்தது என்பது தோல்விக்குப் போதிய காரணம். ஆனால் அதனை மேடையேற்ற முடியாது. ஆங்கிலேயரின் வணிகத்துக்கும் வரிக்கும் மீசை ஒட்ட முடியாது. காக்கைக்கு ஒட்டலாம்.

கடல் கடந்தும் இதுவே கதை. 1799இல் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால், தூக்கிலிட்டது கும்பினி. எட்டயபுரத்தார் கும்பினிக்குத் துணைநின்றது மெய். ஆனால் 1959இல் வெளிவந்த திரைப்படத்தின் பின் தமிழகமெங்கும் வசைச்சொல்லானது எட்டப்பன் பெயர் மாத்திரமே. கும்பினியின் பெயர் வசையாகவில்லை! வீடணன் கதையோ இதற்கு நேர்மாறு. அண்ணனை விட்டுப் பகைவனிடம் சென்ற அவன், வென்றவன் பக்கத்தவனாகையால் பக்தர்கள் போற்றும் ஆழ்வாரானான்.

கற்பனைக் கதையில் துரோகி ஒருவன் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். நமது சரித்திரம் விடை சொல்லும். 1975 யூலை 27இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலைக் கோயில் முன்றலிற் சுடப்பட்டபோது துரோகி என்ற சொல் முன்னே சென்றது. துவக்கு பின்னே சென்றது. அவருடைய அரசியலை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு அதன்பின் பசி அடங்கவில்லை. எல்லாத் தரப்பினரது குற்றங்களையும் பதிவுசெய்த ‘முறிந்த பனை’ நூலாசிரியருள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மேடையில் காக்கையைக் கண்டு சீறப் பழகிய சமுதாயம், தெருவிற் காக்கைகளைக் கண்டுபிடிக்கவும் எளிதிற் பழகிற்று.

இனி முள்ளிவாய்க்காலுக்கு வருவோம். கற்சிலைமடு இருக்கும் அதே முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிட்டு அது. 2019 மே 18இல் அங்கே பத்தாம் ஆண்டு நினைவேந்தல் நிகழ்ந்தது. மறுநாள் டெனேரிஸின் கதை முடிந்தது. இரண்டையும் பார்த்த நம் இளைஞர் பலருக்கு, மணி ஒலித்த பின் எரிந்த நகரம் வெறும் மாயக்கதையாக இருந்திராது.

இம்முடிவைப் பற்றியும் நம்மிடையே சண்டை நடக்கிறது. அதிலும் வில்லன்களே முன்னிற்கின்றனர். 2004இல் கிழக்கிலிருந்து பிரிந்தவர் காட்டிக்கொடுத்திராவிடின் வென்றிருப்போம் என்கிறார் ஒருவர். ஒரு தலைவரின் பிடிவாதமே எல்லாவற்றையும் அழித்தது என்கிறார் இன்னொருவர். அரசோ தன் நாடகத்தை முடித்தே விட்டது. வில்லன் இறந்தான், மனிதாபிமான நடவடிக்கை இனிதே நிறைவுற்றது என்று கூறி, புதுக்குடியிருப்பில் துப்பாக்கி ஏந்திய வெற்றிச் சிலையொன்றை நீரின் நடுவே நிறுத்தியும் விட்டது. மூன்று கதைகளிலும் அம்மணலில் மாண்டவர்கள் பின்னணித் திரையே.

அவ்வாறெனின் குற்றவாளி எவருமில்லையா, எல்லாம் சூழ்நிலையின் செயலா என்று மாணவ நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. சமுதாயக் காரணங்களைப் பேசும் நம்மவர் சிலர், தனிமனிதப் பொறுப்பைப் புகையாக்கிவிடுவதுண்டு. அது நமக்கு உடன்பாடன்று. வில்லனுக்குச் சான்று வேண்டியதில்லை. அவன் முகமும் நடையும் போதும். குற்றவாளிக்குச் சான்று வேண்டும். எந்த நாளில், எவருடைய கட்டளையில், எந்தப் படைப்பிரிவு, எந்த மருத்துவமனை மீது எறிகணை வீசியது என்று கேட்க வேண்டும். 2011இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அவ்வழியிலேதான் சென்றது. தானே பாதுகாப்பு வலயம் என அறிவித்த இடங்கள் மீது அரசு எறிகணை வீசியது என்பதும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்தனர், சுட்டனர், பிள்ளைகளைப் பலவந்தமாய்ப் படையிற் சேர்த்தனர் என்பதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் எனக் கண்டது. 40,000 பேர்வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவியலாது என்றும் எழுதிற்று. இவ்வறிக்கையை முழுமனதோடு வரவேற்றவர் சிலரே. தமக்கு வேண்டிய பக்கங்களை மாத்திரம் படித்தவர் பலர். அறிக்கையில் மீசை ஒட்டிய பாத்திரம் எவரும் இல்லாமை அதற்கு ஒரு காரணமாகலாம்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியிற் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கினர். விடை கிடையாமலே அவர்களுட் பலர் இறந்துபோயினர். அவர்களது வினா இரசிகர் வினா அன்று. எவன் நல்லவன், எவன் துரோகி, கதை எங்கே பிழைத்தது என்று அவர்கள் கேட்கவில்லை. 2009 மே 18இல் வட்டுவாகலில் எம் பிள்ளையை இராணுவத்திடம் நாமே ஒப்படைத்தோம். பேருந்தில் ஏற்றியதைக் கண்ணாற் கண்டோம். அந்தப் பேருந்து எங்கே போயிற்று என்று கேட்கின்றனர். அன்று சரணடைந்தவர்களோடு சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அவர்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதினார். அவரையும் அதன்பின் எவரும் காணவில்லை. தாய்மார் கேட்பது அந்தப் பட்டியலை.