வான் ஓய்ந்த பிறகு

மாரியில் குளம் நிறைந்ததும் மீன்குஞ்சு விடும் அவசரம் ஊருக்குள் வந்துவிடும். முந்தி விட்டால் முந்தி வளரும் என்ற எண்ணம். ஆனால் வான் பாயும் குளத்தில் குஞ்சு விட்டால் அது தண்ணீரோடு கீழே போய்விடும். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது எத்தனை சிறுகுளத்து மீன் எங்கெங்கே போனதோ, யாரும் கணக்கு வைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்வது: "வான் ஓயட்டும் தம்பி, தையிலை விடுவம்." அவர் எந்தப் பயிற்சிப் பட்டறைக்கும் போனவரில்லை.

*

திலாப்பியாவுக்கு நம்முடைய உதவி தேவையில்லை. 1952இல் இலங்கைக்கு வந்த மீன். அடிமண்ணில் பள்ளம் பறித்து, முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரித்து, தானே பெருகிக்கொள்ளும். வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற வற்றாத பெருங்குளங்களில் வலை நிறைவது அதனால்தான். ஊர்ச் சிறுகுளம் அப்படியல்ல. ஆவணிக்குள் வற்றிவிடும், ஒவ்வொரு வருடமும் வெறுங்குளத்திலிருந்தே தொடங்க வேண்டும். அங்கே விடும் கட்லா, ரோகு, மிரிகால் மூன்றும் நிற்கும் தண்ணீரில் இனம் பெருக்குவதில்லை. பொரிப்பகத்தில் ஊசி போட்டுத்தான் முட்டையிட வைக்கிறார்கள்.

மூன்றையும் சேர்த்து விடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுவில், மிரிகால் அடியில். ஒன்றின் தீனில் மற்றது வாய் வைப்பது குறைவு. கோடையில் வற்றிய குளத்துக்குள் மாடுகள் மேய்ந்து சாணம் போட்டுவிட்டுப் போகின்றன. மாரித் தண்ணீர் ஏறியதும் அதுவே நுண்ணுயிராகி மீனுக்குத் தீனாகிறது. காசு கொடுத்து வாங்கும் தீன் இந்தக் குளங்களுக்கு வேண்டியதில்லை. மாட்டுக்காரரை மீன்காரர் விரட்டாமல் இருந்தால் போதும்.

*

குஞ்சு வரும் விதத்தைக் கவனித்திருக்கிறேன். ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பை, இரவெல்லாம் லொறியில் குலுங்கி, விடியலில் குளக்கரைக்கு வரும். கொண்டுவந்த களைப்பில் உடனே வாயை அவிழ்த்துக் கொட்டுவோர் உண்டு. பையைக் கட்டியபடியே தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். வெப்பம் சமனானபின் கட்டை அவிழ்த்து, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். பிறகு பையைச் சரித்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமாக வெளியே நீந்தும். அரை மணி நேர வேலை. இந்த அரை மணியில் தப்பாத குஞ்சு, பிறகு எந்த மருந்தாலும் தப்பாது.

அளவும் முக்கியம். பொரித்துச் சில நாளான பொடிக்குஞ்சு மலிவு. விராலுக்கு அது ஒரு வாய்க்குக் காணாது. சேற்றுக்குள் கிடந்தே கோடையைக் கடந்த விரால் குளத்தில் எப்போதும் இருக்கும். பக்கத்துச் சிறுதொட்டியிலோ வலைக்கூட்டிலோ விரல் நீளம் வரும்வரை வளர்த்து விட்டால் மிஞ்சுவது கூடும். அதைப் பெண்கள் சங்கங்கள் வீட்டு வளவிலேயே செய்யலாம். குஞ்சுக்குக் கொடுக்கும் காசும் ஊருக்குள் நிற்கும்.

*

அறுவடை ஆடியிலும் ஆவணியிலும். எல்லாக் குளமும் ஒரே கிழமையில் வற்ற, எல்லாரும் ஒரே சந்தைக்கு ஓடுகிறார்கள். ஐஸ் கிடையாது. மத்தியானத்துக்குள் விலை பாதியாகிறது. தண்ணீர் இறங்கத் தொடங்கும்போதே பெரிய கண் வலையால் வளர்ந்ததை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் என்ன? அயல் குளங்கள் இரண்டு மூன்று கூடிப் பேசி நாளைப் பிரித்துக்கொண்டால் என்ன? பொறுமை கொஞ்சம் வேண்டும். ஒருவர் பொறுக்க, மற்றவர் இரவில் சிறுகண் வலை போட்டால் பொறுத்தவர் ஏமாளி. ஆகவே இது சங்கம் எடுக்க வேண்டிய முடிவு.

*

உண்மையில் குளத்துத் துருசு மீன்காரர் கையில் இல்லை. ஊர்க்குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. தண்ணீரை நெல்லுக்கு எப்போது, எவ்வளவு விடுவதென்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் முடிவெடுக்கிறார்கள். சிறுபோகத்தில் இன்னொரு தண்ணீர் கூடுதலாகத் திறந்தால், மீன் காற்கிலோவிலேயே பிடிபட வேண்டிவரும். நெல்லைக் குறைசொல்ல மாட்டேன். குளம் கட்டியதே நெல்லுக்குத்தான். ஆனால் எத்தனை அடி தண்ணீர் எந்த மாதம்வரை நிற்கும் என்று முன்கூட்டித் தெரிந்தால், எத்தனை குஞ்சு விடுவதென்று மீன்காரர் கணக்குப் போடுவார். குறைந்த தண்ணீரில் நிறையக் குஞ்சை விட்டுவிட்டு, விடிகாலையில் ஒட்சிசன் இறங்கி அவை மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை குஞ்சு தரும், ஆலோசனையும் தரும். துருசைத் திறக்கும் நாளை அதனால் சொல்ல முடியாது. அது ஊர் பேசித் தீர்க்க வேண்டியது. அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு மீன்பிடிச் சங்கத்துக்காரரையும் கூப்பிடுங்கள். கூப்பிட்டால், வருடம் முழுக்க நீர்மட்டம் எழுதிய கொப்பியோடு அவர்கள் வரவேண்டும்.