போகும்போது கழுவிய கை

கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். சிதம்பரத்திலிருந்து பஸ் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தவன், நேரே போய் அவள் நெற்றியைத் தடவினேன். நெகிழ்ந்திருந்த கட்டின் ஓரத்தைக்கூடச் சரிசெய்தேன். புறப்படும்போது வாசல் குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். ஆஸ்பத்திரியாயிற்றே!

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். "போகும்போது இவ்வளவு நன்றாகக் கழுவுகிறீர்களே சார், வரும்போது கழுவினீர்களா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

சிதம்பரத்தில் என் பாட்டி, மடிப்புடவையை மடிக்கோலால்தான் கொடியில் போடுவாள். நாங்கள் கிட்டே போனால், "மேலே படாதே!" என்று அதட்டுவாள். அதைக் கேலி செய்து வளர்ந்தவன் நான். குழாயடியில் நான் செய்ததும் அதுதானே? 'நான் சுத்தம், உன் அழுக்கு என்மேல் படக்கூடாது' என்பது மடி. 'என் கையில் ஏதாவது இருக்கலாம். உன்னைத் தொடுமுன் கழுவிக்கொள்கிறேன்' என்பது ஆஸ்பத்திரி கேட்கிற சுத்தம். தண்ணீர் ஒன்றுதான், மனம் வேறு. நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே வந்தார் என்று கதை சொல்லும் ஊர் எங்கள் ஊர். அழுக்கு எப்போதும் அடுத்தவனிடம் இருப்பதாக நினைப்பது எங்களுக்குப் பழக்கமானதுதான்.

நமக்கு மட்டுமல்ல. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில், பிணத்தை அறுத்துப் படித்த கையோடு பிரசவம் பார்க்க வந்தவர்களை, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார் செம்மல்வைஸ் என்ற டாக்டர். ஏப்ரல் மாதம் அந்த வார்டில் பிள்ளை பெற்ற 100 பேரில் 18 பேர் இறந்தார்கள்; ஜூனில் அது 2 ஆகக் குறைந்தது. அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. உயிர் காக்கிற தங்கள் கையே கொன்றிருக்கும் என்று யாருக்குத்தான் ஒப்புக்கொள்ள மனம் வரும்?

2009இல் உலக சுகாதார நிறுவனம், சிகிச்சை செய்வோர் கை கழுவ வேண்டிய 5 தருணங்களை வகுத்தது. முதலாவது, நோயாளியைத் தொடுமுன். ஆனால் பல நாடுகளில் கவனித்துப் பார்த்தபோது, தொடுமுன் கழுவுகிறவர்களைவிடத் தொட்டபின் கழுவுகிறவர்களே அதிகமாக இருந்தார்கள். தன்னைக் காத்துக்கொள்வது தவறல்ல. நர்ஸுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஆனால் அதற்குப் பயமே போதும், யாரும் உபதேசிக்க வேண்டாம். பிறருக்காகக் கழுவுவதற்குத்தான் தர்மம் வேண்டியிருக்கிறது.

மறுவாரம் போனபோது முதலில் குழாயடிக்குப் போனேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடா, கோயிலுக்கு வராப்பல கையை அலம்பிண்டு வரே?" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஈரம் உலரட்டும் என்று, கையை அவளைத் தொடாமல் வைத்துக்கொண்டு நின்றேன்.