படிவம் நீட்டிய அன்றே ஊசியா?

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் ‘மருந்து’ என்றால் இரண்டு பொருள். ஆஸ்பத்திரியில் தருவது ஒன்று, பட்டாசுக் குழலில் செலுத்துவது இன்னொன்று. பின்னது என்ன செய்யும் என்று அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முன்னதைப் பற்றி அந்த அளவு யாரும் விளக்குவதில்லை. சோதனையில் இருக்கும் கருத்தடை ஊசி ஒன்று அந்த ஊருக்கு வந்தால், பெண்களிடம் எப்படிச் சம்மதம் கேட்பது?

1985இல் ஐதராபாத் அருகே பட்டான்செருவில் இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ‘நெட்-என்’ ஊசியைப் பரிசோதித்துவந்த காலம் அது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் செயற்கை ஹார்மோன். கருமுட்டை வெளிவராமல் தடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த ஏழைப் பெண்களிடம் கருத்தடை ஊசி என்று மட்டும் சொன்னார்கள், சோதனை என்று சொல்லவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பினர் வற்புறுத்திக் கேட்ட பிறகே விவரம் வெளிவந்தது. கேட்ட பெண்கள் பலர் போட்டுக்கொள்ளாமல் திரும்பினார்கள். 1986இல் அந்த அமைப்பும் டெல்லியின் சஹேலி பெண்கள் குழுவும் உச்ச நீதிமன்றம் போயின. வழக்கு 2000இல்தான் முடிந்தது.

சோதிக்காமல் நல்ல மருந்து கிடைக்காது என்பது ஆய்வாளர் தரப்பு. உண்மைதான். அடுத்தடுத்த பிரசவம் பெண்ணின் உயிரையே வாங்கும் என்பதும் உண்மை. எல்லாவற்றையும் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பதைத்தான் ஏற்க முடியாது. பயந்து விலகுவதும் ஒரு முடிவு. அதை எடுக்க அவளுக்கு உரிமை உண்டு.

அதிலும் இது ஊசி. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாளே நிறுத்தலாம். உடம்பில் இறங்கிய ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. மாதவிலக்கு தாறுமாறாவதைச் ‘சிறிய பக்கவிளைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழகப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். நாள் முழுக்க உட்கார்ந்து பட்டாசுக்குத் திரி செருகி, செய்த வேலைக்கேற்பக் கூலி வாங்குகிறவளுக்கு, நிற்காத உதிரப்போக்கு சிறியதா பெரியதா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

இதே நெட்-என் ஊசியை, டெஸ்டோஸ்டிரோனுடன் சேர்த்து ஆண்களுக்கும் போட்டுப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 320 ஆண்களிடம் நடந்த சோதனை அது. கருத்தரிப்பை நன்றாகவே தடுத்தது. ஆனால் மனச்சோர்வு போன்ற விளைவுகளைக் கண்டு 2011இல் நிறுத்தச் சொன்னது கண்காணிப்புக் குழு. பிரசவ ஆபத்து ஆணுக்கு இல்லை, அதனால் அவன் தாங்க வேண்டிய அளவும் குறைவு என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். கணக்காகப் பார்த்தால் சரியே. ஆனால் கருத்தடையின் சுமை பெண்ணின் தலையில் ஏறியதற்கு இயற்கை மட்டுமா காரணம்? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கணவர் செய்துகொண்டது 0.1 சதவீதம். ஆணுக்கான வாசெக்டமி சின்ன ஆபரேஷன்தான் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும்.

சம்மதப் படிவங்கள் இன்று நீளமாகிவிட்டன. 2019இன் மருந்துச் சோதனை விதிகளும் வந்துவிட்டன. ஆனால் பிரசவம் பார்த்த, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட நர்சம்மாவே காகிதத்தை நீட்டும்போது, முகத்தைப் பார்த்து ‘வேண்டாம்’ என்பது எளிதல்ல. அதனால் கேட்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். காகிதம் அவள் வீட்டுக்குப் போகட்டும், அக்கம்பக்கத்தில் அவள் கலந்து பேசட்டும். படிவம் நீட்டிய அன்றே ஊசி போடக் கூடாது.