துருவின் விலை

தில்லி கரோல்பாக்கில் பழைய எஸ்டி மோட்டார் சைக்கிளொன்று விலைக்கு நின்றது. உதைத்துக் கிளப்பும் கோலே கியர் மாற்றும் கோலுமாக அமைந்த வண்டி அது. அக்கோல் அணுவும் அசையவில்லை. பெட்ரோல் தொட்டிக்குள் துரு. கேட்ட விலையோ புது வண்டியின் விலை! மைசூர் ஆலை 1996இல் மூடப்பட்டதால் இனிக் கிடைத்தற்கரியது என்றார் உரிமையாளர். மெய்தான். ஆயின் அருமையைத் தந்தது காலம். அவர் தந்தது துரு மட்டுமன்றோ? பேணாதவருக்கு முதுமையை விலை பேச என்ன உரிமை என்று உள்ளூரச் சினந்தேன்.

பேருந்தில் திரும்புகையில் என் தந்தையாரின் புல்லட் நினைவுக்கு வந்தது. திருவொற்றியூரில் உருவான வண்டி. அவர் நாள்தோறும் துடைத்துவைத்தது. அவர் மறைந்தபின் ஊரில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் விரும்பிக் கேட்டார். விற்க மனமில்லை என்று சொல்ல நாணி, அவரால் கொடுக்கவியலாத தொகையொன்றைச் சொல்லியனுப்பினேன். அவரிடம் இருந்திருந்தால் இன்று ஓடிக்கொண்டிருக்கும்.