துணைநாடிக் கடல்கடத்தலும் அடைக்கலக் கடனும்

இல்லறமென்பது இருவர் ஒருமித்து நடாத்தும் வாழ்க்கை. ஒருமித்து நடாத்துதற்கு ஓரிடத்து உறைதல் வேண்டும். ஓரிடத்து உறைதற்கு, வெவ்வேறிடத்துப் பிறந்து வளர்ந்த இருவருள் ஒருவராவது தம்மிடம் விட்டுப் பெயர்தல் வேண்டும். அயலூருக்குப் பெயர்வாரும் உளர். கடல்கடந்து, மொழியும் காலநிலையும் சட்டமும் வேறாகிய தேசத்துக்குப் பெயர்வாரும் உளர். முன்னையது யாண்டும் நிகழ்வதாகலின் அதுபற்றி விசாரம் வேண்டா. பின்னையது இக்காலத்து நம்மவரிடையே மிகப் பெருகியிருத்தலின், அதுபற்றி எழும் ஒரு வினாவை ஈண்டு ஆராயப் புகுந்தோம். அவ்வினா யாதெனில், துணைவர் அழைக்கத் தமக்குரிய யாவற்றையும் விட்டு அந்நிய தேசஞ் செல்லும் ஒருவர்க்கு அழைத்தவர் செலுத்தவேண்டிய கடன் யாது? அன்பொன்றே அமையுமோ? அன்பின் மேலும் ஒன்று வேண்டுமோ? என்பதாம்.

முன்னோர் இதனை எவ்வாறு நோக்கினர் என்பதை முதற்கண் காண்பாம். பொருள் தேடற்கு ஆடவன் பிரிதலைப் பண்டைத் தமிழ்நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆயின், கடல்வழிச் செலவு மகளிரோடு கூடி நிகழ்வதன்றெனத் தொல்காப்பியம் அகத்திணையியலில் வரையறுத்தது. ஆகவே அக்காலத்துப் பெண்ணுக்கு உற்ற துயர் பிரிவுத்துயர். அவள் துணையைப் பிரிந்தாளேயன்றித் தாயையும் தோழியையும் ஊரையும் பிரிந்தாளல்லள். யாழ்ப்பாணத்து வழக்கமோ இதனினும் ஒருபடி மேற்சென்றது. 1707 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தொகுத்துச் சட்டமாக்கிய தேசவழமை, சீதனத்தைப் பெண்ணுக்குரிய தனி உடைமையாகக் கொண்டது. பெண்ணுக்கு வீடும் வளவுங் கொடுத்து, மணமகன் அவ்வீடு புகுந்து வாழ்தல் பல ஊர்களிற் பெருவழக்காயிருந்தது. அங்கே இடம்பெயர்ந்து, பிறர் குடியிற் புகுந்து, பிறர் முகமறிந்து நடக்கக் கற்றவன் ஆடவனே. பெண்ணின் காலடியில் அவள் சொந்த மண் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி நம்மவர் மலாயா நாட்டுக்குப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்றனர். ஊருக்கு மீண்டு மணமுடித்து மனைவியரை அழைத்தேகினர். அம்மகளிரே துணைநாடிக் கடல்கடந்தோருள் நம்மிடை முதற்கண் பெருந்தொகையினராவர். எனினும் கோலாலம்பூர் முதலிய நகரங்களில் நம்மவர் அயலயலே குடியிருந்தமையின், அங்கே சென்றவள் ஓரூரை விட்டு அவ்வூரின் கிளையொன்றிற் புகுந்தாள் எனலாம். ஒரு சொல் கேட்க மாமியும், ஒரு நோய்க்குக் கைமருந்து சொல்ல அயல்வீட்டு ஆச்சியும் அங்கிருந்தனர். இளைப்பாறிய பின் ஊர் மீளுதலும் பலர்க்கு இயல்பாயிருந்தது.

1983 ஆம் ஆண்டின் பின் நிகழ்ந்த புலப்பெயர்வு இத்தகையதன்று. கனடா, பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்சு, சுவிற்சர்லாந்து, நோர்வே என நம்மவர் சிதறுண்டனர். புகலிடம் பெற்றவர் ஊர் மீளல் அரிதாகவே, சென்னையிலோ திருச்சியிலோ சிங்கப்பூரிலோ இருதிறத்தாரும் கூடி மணமுடித்தனர். முடித்தபின் மணமகன் ஒரு திசையும் மணமகள் மறுதிசையுமாகப் பிரிந்து, அனுமதி வருங்காறும் மாதக்கணக்கிற் காத்திருந்தனர். போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்த பின்னும் கடல்கடந்த சம்பந்தங்கள் ஓய்ந்தில. இக்காலத்துத் தாதியராகவும் பொறியியலாளராகவும் வெளிநாட்டிற் பணிபுரியும் பெண்களை நாடிச் செல்லும் கணவரும் உளர். ஆகையால் நாம் கூறுவன இருபாலார்க்கும் ஒக்கும். பெண்கள் தொகையில் மிகுதலின் பெண்ணைச் சுட்டியே பெரிதும் பேசுவாம்.

இவ்வாறு செல்பவரின் நிலையை அத்தேசங்களின் சட்டம் எவ்வாறு அமைக்கின்றதென்பதை நன்கறிதல் வேண்டும். ஜேர்மனி 2007 ஆம் ஆண்டில், வரும் துணைவர் வருமுன்னரே அந்நாட்டு மொழியின் அடிப்படை அறிவைப் பரீட்சையிற் காட்டல் வேண்டுமெனப் பொதுவிதி செய்தது. பிரித்தானியா 2010 இல் ஆங்கிலம் பற்றி அவ்வாறே விதித்தது. அழைப்பவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுணுக்குக் குறையலாகாதென 2012 இல் விதித்து, 2024 இல் அதனை 29,000 பவுணாக உயர்த்திற்று. துணைவர் என்னுந் தகுதியிலே நின்று நிரந்தர வதிவுரிமைக்குக் காத்திருக்கவேண்டிய காலமும் அந்நாட்டில் 2012 இல் 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டது. ஜேர்மனியில், மணவாழ்க்கை முறிந்தபின்னும் தமக்கெனத் தங்கும் உரிமை பெறுதற்கு அந்நாட்டிற் கூடிவாழ்ந்திருக்கவேண்டிய காலம் 2011 இல் 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாயிற்று. கொடுமைக்குள்ளானோர்க்கு இவ்விரு நாடுகளும் விலக்கு வைத்துள்ளன. ஆயினும் விலக்கு உண்டென்பதை அறிதற்கே மொழியும், அறிந்தார் துணையும் வேண்டுமன்றோ?

கனடாவின் செய்தி சிந்தித்தற்குரியது. அந்நாடு 2012 இல், புதிதாக மணந்து வரும் துணைவர் பலர் 2 ஆண்டு கூடிவாழ்ந்தாலன்றி அவர்தம் வதிவுரிமை நிலைக்காதென ஒரு நிபந்தனை விதித்தது. பொய்ம்மணங்களைத் தடுத்தலே அதன் நோக்கம். பின்னர், அந்நிபந்தனை துன்புறுவோரைத் துன்புறுத்துவாரோடு பிணிப்பதாகின்றதென்னுங் கவலையால், 2017 இல் அதனை நீக்கிற்று. ஒருவரின் இருப்பை மற்றொருவர் கையில் வைப்பது எத்தகைய அபாயமென்பதை ஓர் அரசாங்கமே கண்டு நீக்கியதாகலின், அதனை மிகையென எவருந் தள்ளுதல் கூடாது.

இங்ஙனம் கூறுதலால், அழைப்பவர் தீயர் என்பது எமது கருத்தன்று. மிகப் பலர் நல்லவரே. ஆயினும் அதிகாரம் என்பது பிரயோகிக்கப்படாதபோதும் உள்ளதேயாம். உறையிலிருக்கும் வாளும் வாளே. சென்றவளுக்குப் பணம், வழி, வைத்தியர், கடிதம், அரசாங்கப் பத்திரம் யாவும் ஒருவர் வாயிலாகவே வருகின்றன. ஊரிலே அவள் ஆசிரியையாயிருந்திருக்கலாம். கணக்கிலோ இசையிலோ வல்லவளாயிருந்திருக்கலாம். அங்கே அதனை அறிந்தவர் ஒருவரே. அவர் மறந்துவிடின், அவள் யாரென்பதற்கு அத்தேசத்திற் சாட்சியே இல்லை. துணைநாடிச் செல்வோர் இழப்பவற்றுள் இதனினும் பெரிய இழப்பு இல்லையென்பது எமது துணிபு.

இனி, மாறுபட்டுக் கூறுவார் சிலர் கூற்றை நோக்குவாம்.

கணவன் உள்ளுழியே மனைவிக்கு இடம். இதிற் கடன் என்றும் கணக்கு என்றும் பேசுதல் இல்லறத்துக்கு இழுக்கு என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? சென்றவளின் கடமை ஏற்றவனின் கடமையை ஒழிக்கமாட்டாது. விருந்தினர் தாமாக வந்தாரென்று அவர்க்கு உணவிடாதொழிவார் உளரோ? மனமுவந்து கொடுத்த கொடை பெரிதாக ஆக, பெற்றவர் கடனும் பெரிதாகின்றது.

அவள் சம்மதித்தே வந்தாள் என்பாரும் உளர். சம்மதம் வேண்டியதே, அஃதின்றேல் மணமே இல்லை. ஆயின் கரையில் நின்று கொடுத்த சம்மதம் காணாத வாழ்க்கையொன்றுக்குக் கொடுத்த சம்மதமாகும். பனிக்காலத்து இருளையும், பகல் முழுதும் பேச்சற்ற வீட்டையும் கண்டறியாதவள் அவற்றுக்கு எங்ஙனம் முற்றச் சம்மதித்தல் கூடும்? அதன்மேலும் ஒன்றுண்டு. போக வழியிருந்தும் இருப்பவரின் இருப்பே சம்மதமாகும். போக வழியில்லாதவரின் இருப்பு பொறுத்தலேயாம். இரண்டும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றினும் அகத்தே வேறு.

அழைத்தவரும் அல்லற்படுகின்றார், இரவும் பகலும் ஈரிடத்து வேலைசெய்து, கடன் தீர்த்து, வருமானக் கணக்குக் காட்டியன்றோ அழைத்தார் என்பாரும் உளர். உண்மையே, அவ்வுழைப்பை நாம் வணங்குகின்றோம். எனினும் அவர் படுந்துன்பம் தாம் அறிந்த தெருவில், தாம் பேசக் கற்ற மொழியில், தம் பெயரறிந்தோர் நடுவிற் படுந்துன்பம். ஒருவர் துன்பம் மற்றொருவர் இழப்புக்கு ஈடாகாது. இரண்டும் தனித்தனியே மதிக்கப்படவேண்டியன.

ஆகவே அன்பின் மேலும் ஒன்று வேண்டும். அதற்குத் தமிழிலே தொன்றுதொட்டு வழங்கும் பெயர் அடைக்கலம் என்பது. சிலப்பதிகாரத்திலே புகாரை விட்டுக் கணவனோடு மதுரை புக்க கண்ணகிக்கு அந்நகரில் உறவினர் ஒருவருமிலர். கவுந்தியடிகள் அவளை ஆயர்குல மாதரியிடம் ஒப்புவித்தார். அதனைக் கூறும் பகுதிக்கு அடைக்கலக் காதையென்றே பெயர். பின்னர்த் தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டவளைக் காக்க இயலாதுபோயினமை பொறாது அம்மாதரி எரியிற் புகுந்தாளென்று அந்நூல் கூறும். அம்முடிவை நாம் வழியாகக் கொள்ளேம். அக்கடனை அவள் எத்துணைப் பாரமாகக் கருதினாளென்பதையே கொள்கின்றோம். அடைக்கலப்பொருள் ஏற்றவர் கையில் இருப்பினும் அவர் உடைமையன்று. அதனைக் குறையாது காத்தலும், உரியவர் வேண்டியபோது தடையின்றி விடுத்தலும் அவர் கடன். கடல்கடந்து வந்த துணைவர் விஷயத்திற் காக்கப்படும் பொருள் அவரது சுதந்தரம், உரியவரும் அவரே.

இது வெறுஞ் சொல்லாய்ப் போகாமைக்குச் செயலையுங் கூறுவாம். வந்தவரின் கடவுச்சீட்டு வந்தவர் கையிலேயே இருத்தல் வேண்டும். அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வந்த சில நாளிலேயே திறக்கப்படுதல் வேண்டும். மொழி வகுப்புக்கு அவர் செல்லும் நேரம் வீட்டு வேலைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பின்னே தள்ளப்படுதல் கூடாது. மொழியறிந்தாலன்றி அவர்க்கு இரண்டாவது சாட்சி கிடையாது. ஊரிற் கற்ற கல்விக்கும் பார்த்த தொழிலுக்கும் உரிய சான்றுகளை அத்தேசத்து மதிப்பிற்கு மாற்ற முயலல் வேண்டும். தாய் தந்தையரோடு தனித்துப் பேச அவர்க்குத் தடையிருத்தல் ஆகாது. இவையெல்லாவற்றுக்கும் மேலாக, மீளுதற்கு வேண்டிய பிரயாணச் செலவு அவர் கைக்கெட்டுமிடத்தே இருத்தல் வேண்டும். மீள வழிவைத்தல் பிரிவை விரும்புதலன்றோ எனின், அற்றன்று. திறந்த கதவுள்ள வீட்டில் உறைபவரே அவ்வீட்டை விரும்பி உறைபவராவர்.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவாம். தேசத்தின் பெயரைக் கேட்டு மகிழ்ந்து, மணமகனின் தொழிலையும் குடியையும் வதிவுரிமையையும் முன்னைய மணச் செய்தியையும் விசாரியாது மகளை அனுப்புதல் தகாது. வீட்டையும் வளவையும் விற்று முழுவதையும் பணமாக்கிக் கொடுத்துவிடின், அவள் மீண்டுவரும் நாளில் நிற்க நிலம் யாது? முன்னோர் சீதனத்தை நிலமாகக் கொடுத்ததன் கருத்தினை மறத்தல் நன்றன்று. மானங் கருதி, "எப்படியாயினும் அங்கேயே இரு" என்று தொலைபேசியிற் கூறும் ஒரு சொல், அவள் பின்னே ஒரு கதவை அடைப்பதற்குச் சமமாகும்.

துணைநாடிச் செல்லும் நன்மக்கட்கும் ஒன்றுண்டு. தாம் விட்டவற்றை நாடோறும் எண்ணிக் காட்டி ஏற்றவரைக் கடனாளியென இடித்துரைத்தல் இல்லறத்தைச் சுடும். கொடுத்ததைக் கொடுத்ததாகவே விடுதல் பெருமை. ஆயின் வாய்திறவாது யாவும் பொறுத்தலை அப்பெருமையென மயங்குதலும் வேண்டா. வேண்டுவதைக் காலத்தே சொல்லுதலும் இல்லறக் கடமைகளுள் ஒன்றே.

ஒருவர் மற்றொருவருக்காகத் தேசம் விடுதல் மானுடர் செய்யுங் கொடைகளுட் பெரியது. அதனை முற்றுந் திருப்பிக் கொடுத்தல் இயலாது. விட்ட ஊரையும் கழிந்த காலத்தையும் யாரே மீட்டுத் தருவர்? இயல்வது, ஏற்றவர் தம்மிடம் வந்தவரை நாளடைவிலே தம் தயவின்றியும் நிற்க வல்லவராக்குதலே. அங்ஙனம் நிற்க வல்லராயபின்னும் அவர் தம்மருகே இருப்பாராயின், அதுவே உண்மையான தாம்பத்தியமென்க.