தறிக்குழியும் தாகமும்

வளர்ந்த மனிதரின் உடல் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அது ஓயாமல் கழிந்துகொண்டே இருக்கிறது. மூச்சோடும் தோல் வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமல் போவது மட்டுமே ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு வரும். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியேற்றி, மிச்சத்தை ரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. குடிப்பது குறைந்தால் அந்த ஒன்றரை லிட்டரை அரை லிட்டர் வரை சுருக்கிக்கொள்ளவும் அவற்றால் முடியும். அதற்கும் கீழே போனால் கழிவைக் கரைத்து வெளியேற்றப் போதிய நீர் இருக்காது.

இந்த வரவு செலவைக் கவனிப்பது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ். ரத்தத்தில் உப்பின் செறிவு ஓரிரு சதவீதம் கூடினாலே அது கண்டுகொள்ளும். ஒரு பக்கம் வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து சிறுநீரைக் குறைக்கும். மறுபக்கம் தாகத்தை எழுப்பும். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு இதைவிட நுட்பமான அளவுகோலை வெளியிலிருந்து யாரும் தந்துவிட முடியாது.

ஆனாலும் பலரும் நம்புவது நாளொன்றுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் என்ற கணக்கைத்தான். 1945ஆம் ஆண்டு அமெரிக்க உணவு ஊட்டச்சத்துக் குழு, பெரியவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் தேவை என்றது. அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் அடுத்தாற்போல் சொன்னது. முதல் பாதி ஊரெல்லாம் பரவியது, இரண்டாம் பாதி மறந்துபோனது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் என்று வகுத்ததும் உணவில் உள்ள நீரைச் சேர்த்துத்தான். சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ரசமும் மோரும் சேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாடே கணிசமான நீரைக் கொண்டுவந்துவிடும். ஆனால் அந்த அளவுகள் மிதமான தட்பவெப்பத்துக்கும் மிதமான உழைப்புக்கும் வகுக்கப்பட்டவை. கத்திரி வெயிலில் வயலில் நிற்பவருக்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வியர்வையாகப் போகக்கூடும்.

ஆகவே கேள்வி எத்தனை டம்ளர் என்பதல்ல. தாகம் எடுத்தபோது குடிக்க முடிகிறதா என்பதே கேள்வி. காஞ்சிபுரத்திலும் முசரவாக்கம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் வாழும் நெசவாளர்கள் இதை அன்றாட வேலையோடு சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. குழித்தறியில் நெய்பவர் கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதியை மிதித்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். கரையைத் தனி நாடாவால் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலை என்றால் மறுகரைக்கு நாடா தள்ள இன்னொருவரும் வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். கூலியோ நெய்து முடித்த சேலைக்குத்தான். தண்ணீர் குடிக்க ஒரு முறை, சிறுநீர் கழிக்க ஒரு முறை என்று எழுவது கூலியில் கைவைப்பதாகவே தோன்றும். அப்படித் தள்ளிப்போட்ட தாகம் கொஞ்ச நேரத்தில் பழகிப்போகும். பழகியதால் தேவை குறைந்துவிடுவதில்லை.

பெண்கள் தாகத்தை அடக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை செய்யும் இடத்திலும் பேருந்துப் பயணத்திலும் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்று தெரிந்தவர்கள் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பள்ளிச் சிறுமிகளும் இதைச் செய்கிறார்கள் என்பது பெரியவர்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி. பள்ளியில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் வழக்கம் 2019இல் கேரளத்தில் தொடங்கி, பின்னர் தமிழகப் பள்ளிகளுக்கும் வந்தது. கழிப்பறை நன்றாக இருக்கும் பள்ளியில்தான் அந்த மணியால் முழுப் பயன் கிடைக்கும்.

அடக்கிய தாகத்தின் விளைவு மெல்லத்தான் தெரியும். தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல் என்று தொடங்கும். சிறுநீர் அடர்ந்துகொண்டே போனால் கல் உருவாகும். 1996இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று, முதன்முறை கல் வந்தவர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்தது. அதிகம் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் கல் மீண்டும் வந்தது. வெயிலில் உழைப்பவர்களிடம் நிலைமை இன்னும் கவலைக்குரியது. இலங்கையின் வடமத்திய மாகாண விவசாயிகளிடம் 1990களிலிருந்து காணப்படும் சிறுநீரக நோய்க்குக் காரணம் இதுவென்று இன்னும் முடிவாகவில்லை; கடும் வெப்பமும் நீரிழப்பும் சந்தேகப் பட்டியலில் உள்ளன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார்கள்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 18ஆம் பிரிவில் வேலையிடத்தில் குடிநீரைக் கட்டாயமாக்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றும் விதித்தது. வீட்டுக் கூடத்தில் தறி போட்டிருப்பவருக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. அவருக்கு நேரம் ஒதுக்க மேற்பார்வையாளர் கிடையாது. வீட்டாரே சொம்பைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால்தான் உண்டு. சாலையில் நடப்பவருக்காகத் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் பழக்கம் காஞ்சியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2019இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் சிலை எழுந்தருளிய 48 நாட்களில், தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நின்றவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு அவசியம் என்பதை ஊரே பார்த்தது.

வரிசைகளில் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் முதியவர்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வே மங்கும், சிறுநீரைச் செறிவாக்கும் திறனும் குறையும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் கவலையில்லை. அடர்ந்த மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். வியர்வையில் உப்பும் போவதால், நெடுநேரம் வெயிலில் உழைப்பவருக்கு வெறும் தண்ணீரோடு உப்பிட்ட நீர்மோரோ நீராகாரமோ சேர்ந்தால் நல்லது. குறுகிய நேரத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீரை மட்டும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து மயக்கமும் வலிப்பும்கூட வரலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் அதிக நீர் ஆபத்து. அவர்கள் மருத்துவர் வகுத்துத் தந்த அளவைத் தாண்டக் கூடாது.